ஒரு டிரம் செட்டுக்கு மூன்று பேண்டு

ஒரே ஒரு மலையாம். மலைமேலே ஒரே ஒரு ஊராம். அந்த ஊருக்கே ஒரே ஒரு டிரம் செட்டாம். அந்த ஒரு செட்டுக்கு மூன்று பேண்டாம்.

சிரிக்காதீங்க தம்பி. மடியில் வட்டமாக என்ன வைத்திருக்கீங்க, அப்பளமா என்று நீங்கதானே கேட்டீங்க? அப்பளம் இல்லை. டிரம்முக்குப் போடுகிற தோல். தோல் என்று பேருதான், பிளாஸ்டிக். கோயமுத்தூர் போய் வாங்கி வருகிறேன். எதற்கு என்று சொல்ல ஆரம்பித்தால் கதை நீளம். ஆனால் நமக்கென்ன அவசரம்? முன்னால் பாறை விழுந்து கிடக்கிறது, ஜேசிபி வந்து தள்ளுகிறவரைக்கும் பஸ் நகராது என்று கண்டக்டரே இறங்கிப் போய் பீடி பற்றவைத்துவிட்டார். ஒரே ஒரு கண்டிஷன். எங்கள் வீட்டில் கதை கேட்கிறவர்கள் ம் கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் தாத்தா அந்த இடத்திலேயே ராஜாவை நிற்கவைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார். அதனால் நீங்களும் கொட்டுங்க.

ம். அப்படித்தான். நல்ல ம். உங்களுக்குத் தாளம் இருக்கிறது தம்பி.

ஊர் குன்னூர். இதோ இந்த பஸ் போய் நிற்கப்போகிற ஊர்தான். என் பேர் மரியநேசன். எல்லாருக்கும் நேசன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கப்பாவின் பேக்கரி. வர்க்கி, பன், கிறிஸ்துமஸ் வந்தால் கேக்கு. நான் சொல்கிற சீசனில் எனக்கு இருபத்திரண்டு வயது, மீசை அப்போதுதான் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. சீசன் என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான், ஏப்ரல், மே. கீழே வெயில் தாங்காமல் ஊரெல்லாம் மலை ஏறி வருமே, அது.

அப்போது எங்களிடம் மூன்று பேண்டு இருந்தது. பிளாக் டீ, ஃபாக் லைட், ஹேர்பின் பெண்ட். மூன்றும் ராக் பேண்டு. லெதர் ஜாக்கெட் யாரிடமும் கிடையாது. அம்மா பின்னிய ஸ்வெட்டரும் காதுவரைக்கும் குல்லாயும் போட்டுக்கொண்டு ராக் வாசித்தவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம். வாசிக்க மூன்று இடம். மலை உச்சியில் எஸ்டேட் கிளப், நடுவில் ஃபேக்டரிக்காரர்களின் ரிக்ரியேஷன் கிளப், கீழே மாதா கோயில் ஹால். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், வாரத்துக்கு ஒரு இடம். பூசை முடிந்து, மதியச் சோற்றுக்கு முன்னால். ஜெபமாலையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நேரே ஆட வந்துவிடுவார்கள்.

என்ன சந்தோஷம் தம்பி அது! பக்கத்தில் தேயிலை ஃபேக்டரியில் மிஷின் ஓட ஆரம்பித்தால் இங்கே கரண்டு இளைக்கும். கரண்டு இளைத்தால் கிட்டார் இளைக்கும். பாடுகிறவன் மட்டும் தொண்டை கிழியக் கத்துவான், அவன் பின்னால் கிட்டார் ஈ மாதிரி முனகும். திடீரென்று மிஷின் நிற்கும். அவ்வளவுதான், கிட்டார் எல்லாரையும் சுவரோடு அறையும்! பட்டணத்தில் மேடையில் புகை வரவைக்க மிஷின் வாடகைக்கு எடுப்பார்களாம். எங்களுக்கு ஜன்னலைத் திறந்தால் போதும். பனி சாவகாசமாக உள்ளே வந்து உட்காரும். சில நாள் பாட்டு முடிந்து பனி விலகிப் பார்த்தால் ஹாலில் பாதிப் பேர் ஜோடி மாறி ஆடிக்கொண்டிருப்பார்கள். வேண்டுமென்றே மாறினார்களா, தெரியாமல் மாறினார்களா, யாரும் கேட்பதில்லை.

ஆனால் டிரம் செட் ஒன்றுதான். அது என்னுடையது.

எப்படி என்றால், வெள்ளைக்காரர் காலத்து கிளப் ஒன்றை மூடினார்கள். சாமான்களை ஏலம் விட்டார்கள். அப்பா அடுப்பு டிரே எடுக்கப் போனார். அவர்கள் டிரேயைத் தனியாகத் தரமாட்டோம், அந்த மூலையில் இருப்பதையெல்லாம் சேர்த்து எடுத்துக்கொள் என்றுவிட்டார்கள். டிரேயோடு டிரம் செட் வந்தது. சின்ன டிரம்மின் அடியில் கம்பி கம்பியாக இருந்ததைப் பார்த்து அப்பா அதை மாவு சலிக்கிறது என்று நினைத்து ஒரு வாரம் முயற்சி செய்தார். அம்மா இன்னொன்றின்மேல் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். நான்தான் மீட்டேன். மீட்டவன் என்ற முறையில் ஒரு சட்டமும் போட்டேன். செட்டை நான் தவிர யாரும் தொடக்கூடாது. செட் எங்கே போகிறதோ அங்கே நான்.

இப்போது பாருங்க அதிசயத்தை. மூன்று பேண்டும் என்னையே டிரம்மராகக் கூப்பிட்டன! மூன்றும்! ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது, ஒன்றின் பாட்டை இன்னொன்று திருடியது என்று கிளப் கேட்டுக்கு வெளியே சட்டையைப் பிடிப்பார்கள். ஆனால் நேசன் வேண்டும் என்பதில் மூன்றும் ஒற்றுமை. கலைஞன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று எங்கம்மாகூடச் சொன்னாள்.

என் வாசிப்பைப் பற்றி நானே சொல்லக்கூடாது. மற்றவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். "நேசா, நீ ஆரம்பிக்கிறது ஒரு பாட்டு, முடிக்கிறது வேற பாட்டுடா" என்பான் டெரன்ஸ். டெரன்ஸ் யார் என்றால் ஹேர்பின் பெண்ட் பேண்டுக்குத் தலைவன். கிட்டாரும் அவன்தான், பாட்டும் அவன்தான். அவ்வளவு கற்பனை எனக்கு. சந்தோஷம் வந்தால் கை தானாக வேகமெடுக்கும். மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிற பஸ் மாதிரி. ஆடுகிறவர்களால் என்னோடு ஈடுகொடுக்க முடியாது. பாட்டு பாதிக்கு வரும்போது எல்லாரும் மூச்சு வாங்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிடுவார்கள். டெரன்ஸ் பாடிக்கொண்டே அடிக்கடி திரும்பி என்னைப் பார்ப்பான். கண்ணெல்லாம் கலங்கியிருக்கும். "நேசா, உனக்கு ஒரு ஞாயித்துக்கிழமையாவது ரெஸ்ட் வேண்டாமாடா? செட்டை மட்டும் விட்டுட்டுப் போயேன்" என்பான். என்மேல் அவ்வளவு அக்கறை. நான் விடுவேனா? "ரெஸ்ட்டெல்லாம் செத்தபிறகுடா" என்பேன். அவன் பெருமூச்சு விடுவான்.

ஒரே ஒரு பிரச்சினை தரை. எஸ்டேட் கிளப்பின் தரையும் மேடையும் தேக்கு. மெழுகு போட்டுக் கண்ணாடி மாதிரி வைத்திருப்பார் செக்ரட்டரி பெலியப்பா. குடகுக்காரர், எஸ்டேட் மானேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவிக்கு அடுத்து அந்தத் தரைதான் அவருக்கு. பேஸ் டிரம் தெரியுமில்லையா? காலால் உதைத்து வாசிக்கிற பெரியது, வண்டிச் சக்கரம் மாதிரி நிற்குமே, அது. மெழுகுத் தரையில் அது ஒவ்வொரு உதைக்கும் முன்னால் நகரும். வேறு இடமென்றால் முன்னால் ஒரு ஆணி அடிப்பார்கள், இல்லை செங்கல் வைப்பார்கள். பெலியப்பாவிடம் கேட்டோம்.

"ஆணியா? என் ஃபுளோர்லயா?"

"செங்கல் சார்?"

"செங்கல் கீறும்."

அவ்வளவுதான். டிரம் நகர நகர நானும் ஸ்டூலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போவேன். பாட்டு முடியும்போது டெரன்ஸ் பக்கத்தில் நிற்பேன். அதுவும் ஒரு ஸ்டைல்தான் என்று வைத்துக்கொண்டேன்.

அந்த கிளப்புக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. ஆடுகிற தரையில் கடைசி ஆள் இறங்கிப் போகிறவரைக்கும் பேண்டு மேடையைவிட்டு எழுந்திருக்கக்கூடாது. பாட்டு முடிந்தாலும் உட்கார்ந்திருக்க வேண்டும். மரியாதை. நினைவில் வைங்க.

இப்போது எமல்டா வருகிறாள். ம் கொஞ்சம் பலமாகக் கொட்டலாம்.

எமல்டாவின் அப்பா தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன். பிளைவுட் பெட்டியில் தூள் அடைத்துத் தகரப்பட்டை அடிப்பார்களே, அங்கே. அவள் பிராவிடன்ஸ் கல்லூரியா, வேறேதோ கல்லூரியா, படித்துக்கொண்டிருந்தாள். எந்த பேண்டு வாசித்தாலும், எந்த கிளப்பாக இருந்தாலும், முன் வரிசையில் வந்து உட்கார்ந்துவிடுவாள். ஆடமாட்டாள். யார் வந்து கூப்பிட்டாலும் எழுந்திருக்கமாட்டாள். பார்த்துக்கொண்டே இருப்பாள். யாரை? என்னை! டெரன்ஸ் சினிமா ஹீரோ மாதிரி இருப்பான், அவனைப் பார்க்கமாட்டாள். என் கையைப் பார்ப்பாள். என் காலைப் பார்ப்பாள். கண் இமைக்காது. இரண்டு கை விரலும் முழங்கால்மேல் தட்டிக்கொண்டே இருக்கும், டக் டக் டடக் என்று. நான் வேகமெடுத்தால் அவள் முகமெல்லாம் சுருங்கும், வலிக்கிற மாதிரி. காதலில் அப்படித்தான் வலிக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஒருநாள் ஃபேக்டரி கிளப்பில் நேரே வந்தாள். "நேசன், ஒரே ஒரு பாட்டுக்கு நான் வாசிச்சுப் பாக்கட்டுமா?"

எப்படிப்பட்ட பொண்ணு பாருங்க! நேரே சொல்ல வெட்கப்பட்டு என் பக்கத்தில் வந்து நிற்க ஒரு சாக்கு.

"டிரம்ஸ் கஷ்டம் எமல்டா. கை வலிக்கும்" என்றேன், மெதுவாக.

"வீட்ல தினம் வாசிக்கிறேன். அப்பாவோட பெட்டில."

"அது பெட்டி. இது செட்டு."

அவள் கொஞ்ச நேரம் செட்டைப் பார்த்தாள். பிறகு போய் டெரன்ஸிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பற்றித்தான் விசாரித்திருப்பாள்.

ம்? கொட்டினீங்களா? காதில் விழவில்லை. சரி.

அந்த வருஷம் சீசன் ஆரம்பிப்பதற்கு முன்னால் பெலியப்பா நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார். ஏப்ரல் முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேண்டும் வந்து ஆளுக்கு மூன்று பாட்டு வாசிக்க வேண்டும். எது நன்றாக இருக்கிறதோ அதற்கு சீசன் முழுக்க ஞாயிற்றுக்கிழமை கிளப் மேடை. எதுவும் சரியில்லை என்றால் பெங்களூரிலிருந்து பேண்டு கூப்பிட்டுக்கொள்வார்கள். பெங்களூர்! எங்கள் ஊரில், எங்கள் பனியில், பெங்களூர்க்காரன்! மூன்று பேண்டும் அன்றுதான் முதல்முறையாக ஒரே டீக்கடையில் உட்கார்ந்து பேசின. நான் போனதும் பேச்சு நின்றது. என்னை வைத்துக்கொண்டு புகழக் கூச்சமாக இருந்திருக்கும்.

எனக்குக் கவலையே இல்லை. எந்த பேண்டு ஜெயித்தாலும் டிரம்மர் நான்தானே?

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டெரன்ஸ் ஜீப் கொண்டுவந்தான். பேக்கரி வாசலிலிருந்து சின்ன டிரம், பெரிய டிரம், தட்டு, ஸ்டாண்டு, ஸ்டூல், கால் பெடல் என்று ஒவ்வொன்றாக அவனே ஏற்றினான். என்னைத் தொடவே விடவில்லை. பேஸ் டிரம் மட்டும் மிச்சம்.

"நேசா, இது ஏறாது போலிருக்கே. ஜீப்ல இடம் இல்ல."

உண்மைதான். பின்னால் ஒரு காலித் தேயிலைப் பெட்டி வேறு இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் எமல்டா உட்கார்ந்திருந்தாள், பெட்டிமேல் கை வைத்துக்கொண்டு. மேட்டில் ஏறுகிற ஜீப்புக்குப் பின்னால் பாரம் வேண்டும், அதற்குத்தான் பெட்டி என்று புரிந்துகொண்டேன்.

"நான் உருட்டிட்டு வந்துர்றேன்டா. எப்பவும் உருட்டறதுதானே" என்றேன். மாதா கோயில் ஹாலுக்கும் ஃபேக்டரி கிளப்புக்கும் நான் அதை டயர் ஓட்டுகிற மாதிரி உருட்டித்தான் கொண்டுபோவேன். வழியெல்லாம் ஆள்கள் வணக்கம் சொல்வார்கள்.

"உருட்டிட்டு வா. மெதுவா வா" என்றான் டெரன்ஸ். "அவசரமே இல்ல. வழியில டீ குடி. பெட்போர்டு பக்கத்துல நல்ல டீ கிடைக்கும். ரெண்டு குடி."

இப்படி யார் சொல்வார்கள் தம்பி? அதுவும் போட்டி நாளில்?

நான் டீ குடிக்கவில்லை. அவர்களைக் காக்கவைக்கலாமா? தள்ளினேன். எங்கள் ஊர் ரோடு தெரியுமே, நெற்றி ரோட்டில் முட்டுகிற மாதிரி ஏறும். ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ளினேன். கடைசி வளைவு. கிளப் கேட் கண்ணுக்குத் தெரிகிறது. பின்னாலிருந்து ஹாரன். பார்த்தால் ஜீப்! எனக்கு முன்னால் கிளம்பியவர்கள் எனக்குப் பின்னால் வருகிறார்கள். மற்ற இரண்டு பேண்டுக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஜீப்பில் இடமில்லை என்றானே, அதில் ஏழு பேர்! என்னை அங்கே பார்த்ததும் டெரன்ஸ் முகம் ஒரு மாதிரி ஆனது. எமல்டா பின்னாலிருந்து என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள்.

தம்பி, ஒரு பொண்ணு கையை அசைத்தால் நாம் என்ன செய்வோம்?

நானும் அசைத்தேன். இரண்டு கையையும்.

டிரம்மைப் பிடிக்க எனக்கு மூன்றாவது கை இல்லை.

முதலில் அது யோசித்தது. சத்தியமாக. ஒரு நிமிஷம் நின்று, இந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடி, பிறகு முடிவெடுத்தது. நான் திரும்புவதற்குள் வளைவைத் தாண்டிவிட்டது. அடுத்த வளைவில் ரோட்டோடு திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. நேரே படிக்கட்டில் இறங்கியது, டும், டும், டும், டும். என்னுடைய டிரம்தான், எனக்கே தெரிந்தது, வரவர வேகம்.

நானும் ஓடினேன். மேலே ஜீப்பிலிருந்து யாரோ சிரித்த சத்தம் கேட்டது. யாரோ "ஐயோ பாவம்" என்றார்கள். டெரன்ஸ் "நான் போறேன்டா" என்றான். எமல்டா, "வேண்டாம், முதல்ல மேடைக்கு வாங்க" என்றாள். பொறுப்பான பொண்ணு.

படியில் காய்கறி விற்கிற அக்கா ஒருத்தி முள்ளங்கிக் கட்டுகளையெல்லாம் அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏப்பா, உருண்டையா ஒண்ணு போச்சே, உன்னுதா?"

"எந்தப் பக்கம்க்கா?"

"கீழ்ப்பக்கம்தான். மேல்பக்கமா உருளும்?"

அதற்குக் கீழே சலூன். பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஒருத்தர் வாசலில் வந்து நின்று, கேட்பதற்கு முன்னாலேயே கையை நீட்டிக் காட்டினார். அதற்கும் கீழே பேண்டு வாத்தியக்காரர்கள், சிவப்புக் கோட்டு, தோளில் டிராம்போன், ஏதோ கல்யாணத்துக்குப் போகிறார்கள். "தம்பி, டிரம் மட்டும் தனியா ஊர்வலம் போகுது! மாப்பிள்ளை எங்கே?" என்றார் ஒருவர். "நான்தான் மாப்பிள்ளை!" என்று கத்திக்கொண்டே ஓடினேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. டிரம் போகிறது, போட்டி போகிறது, ஆனால் மலை இறக்கத்தில் முழு வேகத்தில் ஓடும்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வருமே, அது வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே ஓடினேன். எனக்குப் பின்னால் நாலு பையன்களும் ஒரு நாயும் ஓடி வந்தார்கள். மார்க்கெட்டே வழி விட்டது.

டிரம் எங்கே போய் நின்றது தெரியுமா? எங்கள் பேக்கரி வாசலில்! சாயங்காலம் மேய்ச்சல் முடிந்து வருகிற மாடு மாதிரி வந்து கண்ணாடி அலமாரியில் சாய்ந்து நின்றது. அப்பா கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"கச்சேரி அதுக்குள்ள முடிஞ்சுருச்சாடா?"

"இனிமேதான்பா."

"அப்ப இது ஏன் முன்னாடியே வந்துருச்சு?" எழுந்து வந்து பார்த்தார். "தோல் கிழிஞ்சுபோச்சே."

கிழிந்திருந்தது. உதை விழுகிற பக்கம், குறுக்கே. கை விட்டால் போகிற அளவு. இனிமேல் அதை உதைத்தால் சத்தம் வராது, காற்றுதான் வரும். அப்பா என் முகத்தைப் பார்த்தார். இரண்டு வர்க்கியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டார். "எதுக்கும் கொண்டு போ. உன் சாமான்தானே" என்றார்.

மறுபடியும் தள்ளினேன். அதே மேடு. பையன்கள் உதவினார்கள். நாய் முன்னால் போனது.

கிளப் கேட் வந்ததும் நான் நின்றுவிட்டேன். உள்ளே வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

இதை எப்படிச் சொல்வது தம்பி? என் செட் அவ்வளவு அழகாகப் பேசும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது. பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறவனுக்கு முன்னால் எப்படிக் கேட்கும் என்று எப்படித் தெரியும்? அன்றுதான் முதல்முறையாக வெளியிலிருந்து கேட்கிறேன். சின்ன டிரம் பட்டாணி வறுக்கிற மாதிரி பொரிகிறது. தட்டு மழை மாதிரி. அடியில் ஒரு சத்தம், தும், தும் என்று, மரத்தின் வயிற்றிலிருந்து வருகிற சத்தம், என் பேஸ் டிரம்மில் வராதது. பேஸ் டிரம் என் கையில் அல்லவா இருக்கிறது? பாட்டு என்ன வேகத்தில் ஆரம்பித்ததோ அதே வேகத்தில் போனது. முடிகிறவரைக்கும் அதே வேகம். பாவம், யார் வாசிக்கிறார்களோ, வேகம் பத்தவில்லை என்று நினைத்தேன். ஆனால் என் காலைப் பார்த்தால் அது தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. கேட்டுக்கு வெளியே, சேறும் சகதியுமாக, கிழிந்த டிரம்மைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் ஆடுகிறேன். பையன்கள் ஆடுகிறார்கள். வாட்ச்மேன் சல்யூட் அடிக்கிற கையோடு ஆடுகிறார்.

உள்ளே போனேன். ஹாலில் ஒருத்தர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. சுவரோரம் காலி நாற்காலி! பெலியப்பா தன் தரையிலேயே ஷூ காலோடு, மனைவியின் இடுப்பில் கை வைத்துச் சுற்றுகிறார். மற்ற இரண்டு பேண்டும் முடித்துவிட்டன, இது டெரன்ஸ் பேண்டின் கடைசிப் பாட்டு. மூன்றுக்கும் எமல்டாதான் வாசித்திருக்கிறாள். பேஸ் டிரம் இருக்கிற இடத்தில் அந்தத் தேயிலைப் பெட்டி. நல்லவேளை, ஜீப்புக்குப் பாரமாகக் கொண்டுவந்தது இதற்காவது பயன்பட்டது.

ஆனால் பெட்டி நகர்கிறது! அதே மெழுகுத் தரை. ஒவ்வொரு உதைக்கும் ஒரு விரற்கடை. அவள் என்னை மாதிரி ஸ்டூலை இழுத்துக்கொண்டு போகிறவள் இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே காலை மட்டும் எட்டி எட்டி உதைக்கிறாள். உடம்பு பாதி ஸ்டூலுக்கு வெளியே. பெட்டி மேடை விளிம்புக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு உதை, பெட்டி கீழே, பாட்டு கீழே, சீசன் பெங்களூருக்கு. டெரன்ஸ் பார்த்துவிட்டான், ஆனால் அவன் கையில் கிட்டார், வாயில் பாட்டு. எமல்டா தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். முதல்முறையாக என் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்தாள்.

டிரம்மை நாயிடம் விட்டுவிட்டு ஓடினேன். ஆடுகிறவர்களுக்கு நடுவில் புகுந்து, மேடையில் ஏறி, பெட்டியைப் பின்னால் தள்ளி, அதற்கு முன்னால் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டேன். முதுகைப் பெட்டியில் கொடுத்து, முகம் ஜனங்களைப் பார்த்து.

முதல் உதை முதுகில் விழுந்தது.

தம்பி, தும் என்று உள்ளே போனது! முதுகெலும்பில் ஏறி, பல்லில் வந்து நின்றது. அடுத்தது. அடுத்தது. சட்டைப்பையில் வர்க்கி தூளாகிவிட்டது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். என்னைப் பார்த்ததும் ஹாலே கத்தியது! அப்படி ஒரு கூச்சல் நான் வாசித்த நாளிலெல்லாம் வந்ததில்லை. வாசிக்காமலே எனக்கு அவ்வளவு மரியாதை!

பாட்டு முடிந்தது. மூன்று பேண்டுக்காரர்களும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். பெலியப்பா கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார்.

"பெங்களூர் வேண்டாம்" என்றார். "மூணு பேரும் வாங்க. முறை வெச்சு வாசிங்க. டிரம்ஸ் மட்டும் எப்பவும் இந்தப் பொண்ணுதான்." பிறகு குனிந்து என்னைப் பார்த்தார். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. தரையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. "நீ அங்கேயே உக்காரு. ஆணி கூடாது, செங்கல் கூடாது. ஆள் பரவாயில்ல."

அவரே டிரம்ஸை அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று நினைக்காதீங்க. அவர் சொல்வதற்கு முன்னாலேயே நான் மனதில் முடிவு செய்துவிட்டேன். செட் யார் கையில் பேசுகிறதோ அவர்கள் கையில் இருக்கட்டும் என்று. சட்டம் போட்டவனுக்கு அதை எடுக்கவும் தெரிய வேண்டும் இல்லையா?

டெரன்ஸ் வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அழுதான். "மன்னிச்சுக்கடா நேசா."

"எதுக்குடா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். "டீ குடிச்சியான்னு கேக்க மறந்துட்டேன்" என்றான்.

அன்றைக்குத் தரையைவிட்டு யாரும் லேசில் போகவில்லை. கடைசி ஆள் போகிறவரைக்கும் எழுந்திருக்கக்கூடாதே, அதனால் பெட்டிக்கு முன்னால் நானும் பின்னால் எமல்டாவும் உட்கார்ந்தே இருந்தோம். என் முதுகுக்குப் பின்னால் அவள், நடுவில் பெட்டி. நான் வர்க்கித் தூளைப் பின்னால் நீட்டினேன். எடுத்துக்கொண்டாள்.

"நேசன், நீங்க வராம இருந்திருந்தா..." என்று நிறுத்தினாள்.

"பெட்டி விழுந்திருக்கும்."

"ம்" என்றாள். வர்க்கித் தூளை மென்றுகொண்டே, "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா? செட்டோட?"

பார்த்தீங்களா! அடுத்த ஞாயிறுவரைக்கும் பொறுக்க முடியவில்லை அவளுக்கு.

அந்த சீசன் முழுக்க உட்கார்ந்தேன். ஒரு ஞாயிறு விடவில்லை. அதற்கடுத்த சீசனும். மேடையில் டெரன்ஸுக்குக்கூட இரண்டாவது வரிசைதான், எனக்குத்தான் முதல் வரிசை. சுற்றுலா வந்தவர்கள் எடுத்த போட்டோவிலெல்லாம் நான் இருப்பேன். பிறகு அவள் சென்னை போனாள், அங்கிருந்து டென்மார்க் பக்கம் எங்கோ. அங்கே டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிறாளாம். அங்கேயே ஒருத்தரைக் கட்டிக்கொண்டாள். பாவம், காத்திருந்து பார்த்திருப்பாள். எனக்கும் வீட்டில் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரிக்கு இந்தக் கதை அப்படியே பாடம். இந்த இடம் வரும்போது மட்டும் அடுப்படிக்குப் போய்விடுவாள், சிரிப்புச் சத்தம் வரும். பொறாமை அப்படியும் வருமாம்.

போன வாரம் போன் வந்தது. எத்தனை வருஷம் கழித்து! எடுத்ததும் முதல் வார்த்தை, "நேசன், செட் இருக்கா?" நல்லா இருக்கீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு உரிமை. லீவில் வருகிறாள். எஸ்டேட் கிளப் இப்போது ரிசார்ட் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தரை அப்படியே இருக்கிறது, ஒரு காலைப்பொழுது தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். டெரன்ஸ் டாக்ஸி ஓட்டுகிறான், வழுக்கை. அவன் மூன்று பேண்டிலும் மிச்சமிருக்கிறவர்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பேஸ் டிரம்முக்கு அப்போது கிழிந்ததற்குப் பதில் போட்ட தோலும் இப்போது நைந்துபோய்விட்டது. அதற்குத்தான் இது. இது இல்லாவிட்டால் மறுபடியும் பெட்டிக்கு எங்கே போவது? இப்போது தேயிலையைக் காகிதப் பையில் அல்லவா அடைக்கிறார்கள்?

பெட்டி என்றதும் ஒன்று. எப்போதாவது வர்க்கிக்கு மாவு பிசையும்போது எனக்கும் ஒரு யோசனை வரும் தம்பி. அன்றைக்கு ஜீப்பில் அந்தப் பெட்டி எதற்கு? ஏழு பேர் ஏறுகிற ஜீப்புக்குப் பாரம் எதற்கு? அப்படி ஒரு யோசனை வரும். உடனே முதுகில் தும் என்று ஒரு உதை விழுகிற மாதிரி இருக்கும். நானே சிரித்துக்கொள்வேன். மேட்டு ரோடு. பாரம் வேண்டும்தானே?

என்ன, ம் கொட்டவே மாட்டேன் என்கிறீங்க?

அட, ஊரே வந்துவிட்டது. ஜேசிபி வந்ததும் தெரியவில்லை, பஸ் ஏறியதும் தெரியவில்லை. பாருங்க, எல்லாரும் இறங்கியாச்சு, டிரைவரும் டீக்குப் போயாச்சு. நம் இரண்டு பேர்தான். இல்லை, இல்லை, முதலில் நீங்க இறங்குங்க. கடைசி ஆள் போகாமல் நான் எழுந்திருக்கக்கூடாது. பழக்கம் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாங்க. பதினொரு மணி. அவள் அப்போதே குள்ளம், டிரம்முக்குப் பின்னால் உட்கார்ந்தால் சட்டென்று கண்ணுக்குத் தெரியமாட்டாள். தேடாதீங்க. டிரம்முக்கு முன்னால் ஒருத்தன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நேர் பின்னால் பாருங்க.

படியில் பார்த்து. வழுக்கும்.

ம்.